ரூலெட்டில் காசு வைக்கும் முறைகள்: கேரம் காயின் பையை வைத்து ஒரு பாடம்

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று காசு வைத்து ஆடும் சூதாட்டம் ரூலெட். அதைக் கற்றுக்கொள்ளச் சக்கரம் தேவையில்லை. இரண்டு செட் கேரம் காயினும் ஒரு மஞ்சப்பையும் போதும். ஒரு செட்டில் 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு இருக்கும். இரண்டு செட்டையும் ஒன்றாகக் கொட்டி, ஒரு சிவப்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டால் 18 கறுப்பு, 18 வெள்ளை, 1 சிவப்பு, ஆக மொத்தம் 37. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தின் கணக்கும் இதேதான்: 18 சிவப்பு எண்கள், 18 கறுப்பு எண்கள், பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். ஒரே ஒரு செட்டை முழுதாகப் பையில் போட்டால் இரட்டைப் பூஜ்யம் வைத்த அமெரிக்கச் சக்கரத்தின் விகிதம் கிடைத்துவிடும். 19-ல் 9 என்பதும் 38-ல் 18 என்பதும் ஒன்றே.

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பையை வைத்தே போகிறது. கோவாவுக்கு நண்பர்களோடு முதல்முறை கிளம்புகிறவர்கள், கப்பல் பயணத்தில் கேசினோவை எட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள், "இந்த முறையில் வைத்தால் தோற்கவே மாட்டாய்" என்று யாராவது சொல்லக் கேட்டவர்கள் எல்லோரும், நிஜக் காசை எடுப்பதற்கு முன்னால் எல்லா முறைகளையும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சோதித்துவிடலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

சென்னையில் காசு வைத்து ரூலெட் ஆடச் சட்டப்படி ஓர் இடமும் கிடையாது. நகருக்குள் சூதாட்ட விடுதி நடத்துவதும், அங்கே போய் ஆடுவதும் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டப்படியே குற்றம். செல்போன் ரூலெட்டுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் விளையாட்டுகளைத் தடுக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் திறமை விளையாட்டு என்று விலக்கு கொடுத்தது. ரூலெட் அதில் சேராது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது. ஆகவே, "ஐ.டி. தருகிறேன், ஜி-பே-யில் போடு" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் எதுவும் சட்டத்துக்கு வெளியே நடப்பது. அங்கே ஜெயித்த காசு வராவிட்டால் கேட்க நாதி கிடையாது. திரையில் சுற்றுவது நிஜச் சக்கரமா என்று பார்க்கவும் வழியில்லை.

சட்டப்படி மேசை போட்டு நடப்பது கோவாவிலும் சிக்கிமிலும். கோவாவில் பெரும்பாலானவை பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள்; 21 வயது ஆகியிருக்க வேண்டும். நம் துறைமுகத்திலிருந்து சில பருவங்களில் கிளம்பும் சொகுசுக் கப்பல்களிலும் கேசினோ உண்டு, கரையை விட்டு விலகிக் கடலுக்குள் போன பிறகே திறப்பார்கள். வெளிநாடு என்றால் கொழும்பும் சிங்கப்பூரும் பக்கம்.

பையைத் தயார் செய்வது

காயின்களை உலர்ந்த துணியால் துடைத்துப் பவுடரைப் போக்குங்கள். பழைய செட்டையும் புது செட்டையும் கலக்க வேண்டாம். தேய்ந்த ஓரம் விரலுக்குத் தெரிந்துவிடும், பார்க்காமலே நிறம் சொல்லிவிடுவீர்கள். சிவப்புக் காயினில் ஸ்டிக்கரோ கீறலோ இருந்தாலும் அப்படித்தான். பையில் போட்டு நன்றாகக் குலுக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுங்கள். நோட்டில் 'க', 'வெ', '0' என்று வரிசையாக எழுதுங்கள். கறுப்பும் வெள்ளையும் சக்கரத்தின் இரண்டு நிறங்கள், சிவப்பு பூஜ்யம்.

எடுத்த காயினை உடனே திரும்பப் பைக்குள் போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். போடாமல் விட்டால், நாலு கறுப்பு வெளியே போனதும் பையில் வெள்ளை அதிகமாகி, அடுத்து வெள்ளை வர வாய்ப்பு நிஜமாகவே கூடும். "நாலு தடவை கறுப்பு வந்தாச்சு, அடுத்தது சிவப்புதான்" என்று ரூலெட் மேசையில் அடித்துச் சொல்கிறவர் மனதில் ஓடுவது இந்தக் காயின் திரும்பாத பைதான். ரூலெட் சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 37 குழியும் அப்படியே இருக்கின்றன. போன சுற்றில் விழுந்த எண் கழிந்துபோவதில்லை.

நிறத்துக்கு இந்தப் பை போதும். எண் வைத்துப் பழக, தம்போலா செட்டிலிருந்து 1 முதல் 36 வரையும் கூடவே 37-ஐயும் எடுத்து, 37-ஐ பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கத்துப் பொம்மைக் கடைகளில் கிடைக்கும்.

முதல் சோதனை: தம்போலா காயை 37 தடவை, ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டு, எடுங்கள். 37 எண்ணும் ஆளுக்கொரு முறை வரும் என்று தோன்றும். வராது. சராசரியாக 13 எண்கள் ஒருமுறைகூட வராமல் நிற்கும். சில எண்கள் மூன்று, நான்கு தடவைகூட வரும். கேசினோ மேசைக்கு மேலே ஒரு திரை, கடைசியாக வந்த எண்களையும் 'சூடான' எண், 'குளிர்ந்த' எண் என்ற பட்டியலையும் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியல் பொய் இல்லை, ஆனால் எந்த நேர்மையான பையை எடுத்தாலும் அதே மாதிரி பட்டியல் வரும் என்பதை உங்கள் கையாலேயே பார்த்துவிட்டால் அந்தத் திரை உங்களை இழுக்காது.

இரண்டாவது: கேரம் பையில் 100 முறை எடுத்து எழுதுங்கள். ஒரே நிறம் தொடர்ந்து ஐந்து முறை வருவதை ஏறக்குறைய எப்போதும் பார்ப்பீர்கள். ஆறு, ஏழும் அடிக்கடி வரும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. 15 தாண்டியதும் கூட்டம் சிவப்பின் மேல் மேலும் மேலும் காசைக் குவித்தது. அந்த ராத்திரி கேசினோவுக்கு லட்சக்கணக்கில் லாபம்.

கேசினோவின் பங்கு எங்கிருந்து வருகிறது

37 எண்களிலும் ஆளுக்கு ₹100 வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ₹3,700. எந்த எண் விழுந்தாலும் ஒன்றுக்கு 35 தருவார்கள்: ₹3,500, கூடவே அந்த எண்ணில் வைத்த உங்கள் ₹100. கையில் ₹3,600. ₹100 போய்விட்டது. 3,700-ல் 100 என்பது 2.70 சதவீதம். இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் ₹3,800 வைத்தால்தான் எல்லா எண்ணும் அடங்கும், திரும்புவது அதே ₹3,600. அங்கே கேசினோவின் பங்கு 5.26 சதவீதம். அதாவது ஒரு பூஜ்யம் கூடினால் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பு. மேசையில் உட்காரும் முன் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்: பச்சைக் குழி ஒன்றா, இரண்டா?

மேசை விரிப்பில் எங்கே வைத்தால் என்ன கிடைக்கும் என்பது இது:

ஒரே எண்ணின் மேல் முழுதாக வைத்தால் ஒன்றுக்கு 35.
இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17.
மூன்று எண் வரிசையின் ஓரத்தில் வைத்தால் 11.
நான்கு எண்கள் சேரும் மூலையில் வைத்தால் 8.
இரண்டு வரிசைகளுக்கு நடுவே, ஓரத்தில், ஆறு எண்களுக்கு 5.
டஜன் (1-12, 13-24, 25-36) அல்லது 12 எண் கொண்ட பத்தி ஒன்றுக்கு 2.
சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை, 1-18, 19-36 எல்லாம் ஒன்றுக்கு ஒன்று.

இந்த எல்லா இடத்திலும் கேசினோவின் பங்கு அதே 2.70 சதவீதம்தான். இரண்டு விலக்குகள் உண்டு. இரட்டைப் பூஜ்ய மேசையில் 0, 00, 1, 2, 3 என்ற ஐந்து எண்களுக்குச் சேர்த்து வைக்கும் இடத்தில் ஒன்றுக்கு 6 தருவார்கள், பங்கு 7.89 சதவீதம், அதைத் தொடவே வேண்டாம். மறுபக்கம், சில மேசைகளில் பிரெஞ்சு விதி இருக்கும்: பூஜ்யம் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று பந்தயங்களில் பாதிக் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள். அங்கே பங்கு 1.35 ஆகக் குறைகிறது. அப்படி ஒரு மேசை கிடைத்தால் சிவப்பு-கறுப்பு வைப்பதே ரூலெட்டில் இருப்பதிலேயே மலிவு.

கேரமில் கை பழகும். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வரை போனது வருஷக்கணக்கான பயிற்சியால். ரூலெட்டில் கைக்கு வேலையில்லை. காசு வைக்கும் முறை எதுவாக இருந்தாலும் மொத்தமாக வைத்த தொகையில் சராசரியாக 2.70 சதவீதம் போகும். முறைகள் மாற்றுவது அந்த நஷ்டம் வரும் விதத்தை மட்டுமே: கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறதா, நாள் முழுக்கச் சிரிக்கவைத்துவிட்டு ஒரே அடியில் போகிறதா என்பதை. அதைத் தெரிந்துகொண்டு தேர்வு செய்வதுதான் முறை தெரிந்து ஆடுவது.

டபுள் பண்ணும் முறை

மார்ட்டிங்கேல் என்று பெயர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தோன்றும் முறை இது, அதிகம் பேரைக் கவிழ்ப்பதும் இதுதான். அதனால் இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்றுக்கு ஒன்று பந்தயத்தில் ₹100 வையுங்கள். தோற்றால் 200, மறுபடி தோற்றால் 400, பிறகு 800. எப்போது ஜெயித்தாலும் போனதெல்லாம் திரும்பி, மேலே ₹100 கிடைக்கும். உடனே 100-க்குத் திரும்பி மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மேசையின் உச்சவரம்பு ₹10,000 என்று வைத்துக்கொண்டால் படிகள் இப்படிப் போகும்: 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு படிக்கு மொத்தம் ₹12,700. எட்டாவது படிக்கு 12,800 வைக்க வேண்டும், மேசை அனுமதிக்காது. உங்கள் பையில் காசு இருந்தாலும் பயனில்லை. ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 106-ல் ஒன்று. கேட்க அரிதாகத் தெரியும். ஆனால் ஒரு ₹100 லாபம் எடுக்கச் சராசரியாக இரண்டு சுற்று போதும், ஆக 200 சுற்று ஆடினால் அந்த 106-ல் ஒன்றை ஏறக்குறைய 100 தடவை சீண்டுகிறீர்கள். மணிக்கு 40 சுற்று ஓடும் மேசையில் அது ஐந்து மணி நேரம். அதற்குள் குறைந்தது ஒருமுறையாவது ஏழு தோல்வி தொடர்ந்து வர 61 சதவீத வாய்ப்பு. வராமல் போனால் லாபம் ₹10,000. வந்தால் ஒரே அடியில் ₹12,700.

இதைப் பையில் சோதிக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: சிவப்புக் காயின் வந்தால் "அது கணக்கில் இல்லை" என்று விட்டுவிடுவது. பூஜ்யம் உங்களுக்குத் தோல்விதான். அடுத்த படிக்குப் போக வேண்டும். சிவப்பை விட்டுவிட்டு ஆடினால் கேசினோவின் பங்கையே கழித்துவிடுகிறீர்கள், முறை அபாரமாக வேலை செய்வதாகத் தெரியும்.

இன்னொன்று, நாலாவது தோல்விக்குப் பிறகு கைக்கு வரும் நடுக்கம். ₹100 ஜெயிக்க ₹1,600 வைக்க வேண்டிய இடத்தில் பலர் பயந்து பாதியில் நிறுத்துவார்கள், அதுவரை போன ₹1,500 அப்படியே போய்விடும். காயின் பையில் அந்த நடுக்கம் தெரியாது, காகிதத்தில்தானே எழுதுகிறோம். மேசையில் தெரியும். இரட்டிப்போடு ஒரு ₹100 கூட்டி வைக்கும் 'கிராண்ட்' வகையும் இருக்கிறது. லாபம் வேகமாகும், வரம்பும் சீக்கிரம் முட்டும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மெதுவாக ஏறும் முறைகள்

டபுள் பண்ணுவது வேகம் என்பதால், அதைத் தணித்துச் சில முறைகள் செய்திருக்கிறார்கள்.

ஃபிபனாச்சி முறையில் 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற வரிசையில் ஏற வேண்டும். தோற்றால் ஒரு படி முன்னே, ஜெயித்தால் இரண்டு படி பின்னே. எட்டுப் படியும் தோற்றால் போவது 54 பங்கு (இங்கிருந்து ஒரு பங்கு என்பது நீங்கள் முதலில் வைக்கும் தொகை). டபுள் முறையில் அதே எட்டுப் படிக்கு 255. இதற்கான விலை என்னவென்றால், ஒரு வெற்றி எல்லாவற்றையும் மீட்டுத் தராது. 1, 1, 2, 3 நான்கும் தோற்று 5-ல் ஜெயித்தாலும் இன்னும் 2 பங்கு கீழேதான் நிற்பீர்கள்.

தலம்பேர் முறை அதைவிட எளிது: தோற்றால் ஒரு பங்கு கூட்டு, ஜெயித்தால் ஒரு பங்கு குறை. மூன்று தோல்வி, மூன்று வெற்றி என்று வந்தால் 1, 2, 3 தோற்று 4, 3, 2 ஜெயித்து 3 பங்கு லாபம். வெற்றியும் தோல்வியும் சரிசமமாகி விடும் என்ற நம்பிக்கையில் கட்டிய முறை இது. 37 சுற்றில் சராசரி 18 வெற்றி, 19 தோல்வி. பற்றாக்குறை அங்கேயே இருக்கிறது. தொடர்ந்து பத்து தோற்றால் 55 பங்கு போய், மேலே ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டு பெரிய பெரிய தொகையாக வைத்துக்கொண்டிருப்பீர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க விரும்புகிறவர்களை இந்த முறை கவர்கிறது.

லாபூஷேர் முறைக்கு நோட்டும் பேனாவும் வேண்டும். 1 2 3 4 என்று எழுதுங்கள். கூட்டுத்தொகை 10, அதுதான் நீங்கள் எடுக்க நினைக்கும் லாபம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி வையுங்கள், அதாவது 5. ஜெயித்தால் அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். தோற்றால் வைத்த தொகையைக் கடைசியில் எழுதுங்கள். 5 தோற்றால் வரிசை 1 2 3 4 5. அடுத்து 6 வைத்து அதுவும் தோற்றால் 1 2 3 4 5 6. அடுத்து 7 ஜெயித்தால் மிச்சம் 2 3 4 5. மறுபடி 7 ஜெயித்தால் 3 4. இன்னொரு 7 ஜெயித்தால் வரிசை தீர்ந்தது. இரண்டு தோல்வியில் போனது 11, மூன்று வெற்றியில் வந்தது 21, லாபம் சரியாக 10. ஒரு வெற்றி இரண்டு எண்ணை அடிக்கிறது, ஒரு தோல்வி ஒன்றைத்தான் சேர்க்கிறது என்பதால் காகிதத்தில் மிக அழகாகத் தெரியும். பிரச்சினை, தோல்வி தொடரும்போது வால் எண்கள் வீங்குவது. ஆறேழு தோல்வி சேர்ந்தால் அடுத்த பந்தயம் ஆரம்பத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும், வரிசையும் நீண்டுவிடும். எல்லா முறைகளிலும் இதைத்தான் பையில் குறைந்தது இருபது வரிசை ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். சின்ன வெற்றிகள் வரிசையாக வருவதும், ஒரு வரிசை மட்டும் அவிழாமல் வளர்ந்துகொண்டே போவதும் கண்ணுக்குத் தெரியும்.

ஜெயிக்கும்போது ஏற்றுவது

பரோலி முறை தலைகீழ். 1 வையுங்கள், ஜெயித்தால் 2, மறுபடி ஜெயித்தால் 4. மூன்று வெற்றி தொடர்ந்தால் 7 பங்கு லாபத்தோடு மீண்டும் 1-க்கு வந்துவிடுங்கள். நடுவில் எங்கே தோற்றாலும் உங்கள் கையிலிருந்து போவது ஒரு பங்குதான். 100 தடவை முயன்றால் 11 அல்லது 12 தடவை 7 கிடைக்கும், மற்ற 88-ல் ஒன்று ஒன்றாகப் போகும். சராசரியில் 8 பங்கு நஷ்டம். ஏற்ற இறக்கம் வேண்டும், ஆனால் பர்ஸ் ஒரே அடியில் காலியாகக் கூடாது என்பவருக்கு எங்கள் கணிப்பில் பொருத்தமானது இது. கெடுப்பது மூன்றில் நிற்காமல் நாலாவதுக்குப் போகும் ஆசை. எங்கே நிற்பது என்பதை உட்காரும் முன் எழுதிவைக்க வேண்டும்.

நிறைய எண்களை மூடும் முறைகள்

ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் பெற்றது 20 பங்கில்: 19-36 மேல் 14, 13-18 ஆறு எண்களில் 5, பூஜ்யத்தில் 1. முறையே 8, 10, 16 பங்கு லாபம். 1 முதல் 12 வரை விழுந்தால் மட்டும் 20-ம் போகும். அந்த 12 எண்ணுக்கு 32.4 சதவீத வாய்ப்பு, மூன்று சுற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பும் மூன்றாம் பத்தியும் சேர்த்து வைப்பது இன்னொன்று. 3, 6, 9 என்று போகும் அந்தப் பத்தியில் 8 சிவப்பு, 4 கறுப்பு. ஆளுக்கு ஒரு பங்கு வைத்தால் 26 எண்கள் மூடும்: 4 எண்களில் 3 பங்கு லாபம், 8-ல் ஒரு பங்கு, 14-ல் ஒன்றும் இல்லை, மிச்சம் 11-ல் இரண்டும் போகும். கூட்டிக் கழித்தால் மறுபடி அதே 2.70 சதவீதம். 35 எண்களில் ஆளுக்கொன்று வைக்கிறவர்களும் உண்டு. 37-ல் 35 தடவை ஒரு பங்கு வரும், மற்ற இரண்டு தடவை 35 பங்கு போகும்.

சக்கரத்தின் கோளாறைக் கண்டுபிடித்து ஜெயித்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஜாகர் மான்டி கார்லோவிலும், 1990-களில் கார்சியா-பெலாயோ குடும்பம் மாட்ரிட்டிலும் ஆயிரக்கணக்கான சுற்றுகளை எழுதிவைத்துச் சாய்ந்த சக்கரத்தைப் பிடித்தார்கள். இப்போது சக்கரங்களைச் சோதித்துச் சமன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் திரையில் பார்த்த 20 எண்களை வைத்து எந்தச் சாய்வையும் கண்டுபிடிக்க முடியாது.

பர்ஸைப் பிரிப்பது

புதியவருக்கு நாங்கள் சொல்வது ஒரே தொகையை மாற்றாமல் வைப்பது. ₹500 வீதம் மணிக்கு 40 சுற்று என்றால் ₹20,000 மேசைமேல் போய்வருகிறது, சராசரி செலவு ₹540. இரட்டைப் பூஜ்யத்தில் ₹1,050. ஆனால் அது சராசரி மட்டுமே. 40 சுற்றில் ₹3,000 மேலேயோ கீழேயோ ஆடுவது சாதாரணம், அதனால் ஒரு மணி நேரத்துக்கு 20 பந்தயத் தொகை, இங்கே ₹10,000, தனியாக எடுத்துவைத்தால் பாதியில் தீர்ந்துபோகாது. மின்னணு ரூலெட் இயந்திரத்தில் சுற்றுகள் இன்னும் வேகம். அங்கே பந்தயத் தொகையைப் பாதியாக்குங்கள்.

அந்த ₹10,000 சினிமா டிக்கெட் மாதிரி செலவழித்துவிட்ட காசாக இருக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டையும் யு.பி.ஐ. இருக்கும் போனையும் ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடன் வாங்கி ஆடும் கணக்கு எந்த முறையிலும் வராது: மேசை எடுப்பது 2.70 சதவீதம், மீட்டர் வட்டிக்காரர் எடுப்பது நாளுக்கு நாள். ஏற்கெனவே ஆன்லைனில் போட்டு மாட்டிக்கொண்டவர்கள், வீட்டுக்குச் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ தமிழக அரசின் 104-லோ பேசலாம். இரண்டிலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

மேசையில் நடந்துகொள்வது

முதலில் மேசைமேல் உள்ள பலகையைப் படியுங்கள்: உள்ளே (எண்களின் மேல்) வைப்பதற்குக் குறைந்தபட்சம், வெளியே (நிறம், ஒற்றை-இரட்டை, டஜன், பத்தி போன்றவற்றில்) வைப்பதற்குக் குறைந்தபட்சம், உச்சவரம்பு. உள்ளே ₹500 என்றால் வழக்கமாகப் பல எண்களில் பிரித்து மொத்தம் ₹500 வைக்கலாம். வெளியே ₹500 என்றால் சிவப்புக்கு ₹500, டஜனுக்கு இன்னொரு ₹500, ஒவ்வொன்றும் முழுதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் வைத்தால், மேசையை நடத்தும் டீலர் உங்கள் சிப்பை (காசுக்குப் பதில் வைக்கும் வில்லையை) தள்ளிவிடுவார்.

காசை டீலர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வையுங்கள். உங்களுக்கென்று ஒரு நிறச் சிப் தருவார்; அந்த நிறம் அந்த மேசையில் மட்டும் செல்லும், ஒரு சிப் எவ்வளவு என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பந்து வேகம் குறையும்போது "நோ மோர் பெட்ஸ்" என்பார், அதற்குப் பிறகு கை நீட்டக் கூடாது. விழுந்த எண்மேல் ஒரு சின்னக் குறி வைப்பார். அதை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது, ஜெயித்த சிப்பையும்கூட.

கோவாவில் நுழைவுப் பேக்கேஜோடு 'ஓ.டி.பி.' சிப் கொடுப்பார்கள். ஒருமுறை ஆடத்தான் அது, காசாக மாற்ற முடியாது. ஜெயித்தாலும் அந்தச் சிப்பை எடுத்துக்கொண்டு லாபத்தை மட்டும் தருவார்களா, சிப்பையும் விட்டுவைப்பார்களா, எந்தெந்தப் பந்தயத்தில் வைக்கலாம் என்று நுழையும்போதே கேளுங்கள். எடுத்துக்கொள்வார்கள் என்றால் கணக்கே மாறுகிறது: ₹1,000 ஓ.டி.பி. சிப்பைச் சிவப்பில் வைத்தால் அதன் சராசரி மதிப்பு ₹486 மட்டுமே. டஜனில் ₹649. ஒரே எண்ணில் ₹946. அந்தச் சிப்களை மட்டும் எண்களின் மேல் வைப்பதே சரி. பெரும்பாலும் தோற்கும், ஆனால் சிவப்பில் வைத்தால் சராசரியில் பாதியைச் சும்மா கொடுத்த மாதிரி.

மேசையை விட்டு எழும்போது நிறச் சிப்பை டீலரிடம் கொடுத்துப் பொதுச் சிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டு வெளியே வந்தால் கேஷ் கவுண்டரில் அதற்கு மதிப்பில்லை. வரியையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். கேசினோ மீதான ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நீங்கள் கட்டும் தொகையில் எவ்வளவு சிப்பாக வரும் என்பதை உள்ளே போகும்போதே கேட்டிருக்க வேண்டும். ஜெயித்த தொகைக்கு வருமான வரி 30 சதவீதம், மேலே செஸ் தனி. நேற்று தோற்றதை அதில் கழிக்க விடமாட்டார்கள். கவுண்டரில் தரும் ரசீதையும், வரி பிடித்தால் அதற்கான சான்றையும் வாங்கி வைத்து, அந்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது காட்டுங்கள்.